ஞாயிற்றுக்கிழமையில் சிக்கிய கியர்

சுலோச்சனாவின் பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் ‘பார்க்’ நிலையில் சிக்கிக்கொண்டதிலிருந்து, கோயமுத்தூரில் அவள் குடியிருந்த அபார்ட்மெண்டுக்குள் ஞாயிற்றுக்கிழமையே நடந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே திங்கள்கிழமை. உள்ளே எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு வாசனை.

முதலில் யாரும் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையை யார்தான் வேண்டாம் என்பார்கள்!

சுலோச்சனாவுக்கு அது போதவே இல்லை. காரில் பக்கத்து சீட்டில் அவள் கணவர் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். அவர் திங்கள்கிழமை விடிகாலையில் இறந்துபோனவர். ஞாயிறு முடியாதவரை அவருக்கு ஒன்றுமில்லை. இருவரும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பர்லியாறில் வாங்கிய பலாப்பழம் மழைக்காலம் முழுக்கக் காருக்குள் மணத்தது பற்றி.

அபார்ட்மெண்ட் செயலாளர் குழந்தைவேலு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு எம்பொண்ணுக்குக் கல்யாணம். அந்த ‘நாளைக்கு’தான் வரவே மாட்டீங்குது. மருதாணி வச்ச கையோட உக்காந்தே இருக்கறா.”

“நான் என்னங்க பண்ணட்டும்? கியர் நகரலீங்க.”

“நியூட்ரலுக்கு மட்டும் கொண்டாந்துருங்க. நாங்க கேட்டுக்கு வெளிய தள்ளிக்கறோம்.”

வழி அவளுக்குத் தெரியும். கியருக்குப் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று உண்டு. அதைத் திறந்து ஸ்க்ரூடிரைவரால் அமுக்கினால் பூட்டு விட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் அப்பிய சந்தனம் மூடியின்மேல் கல்லாக இறுகிக் கிடந்தது. ஊரெல்லாம் பானட்டில் பொட்டு வைக்கும். இவளுக்குக் கியர்மேல்தான் பக்தி.

“சுரண்டு புள்ள,” என்றார் தெய்வசிகாமணி.

“மாட்டேனுங்க. உங்கள உட்டுட்டு நான் இருக்க மாட்டேன்.”

“அந்தப் புள்ளைக்குக் கை வலிக்குமல்லோ.”

சுரண்டினாள். ஒரு வருடம் பெயர்ந்து விழுந்தது.

“இது பெரியவன் காலேஜ் சேந்த வருசம். அதுக்கு அடியில, நீ எங்கூடப் பேசாம இருந்த வருசம்.”

“அப்பவும் சந்தனம் வச்சிருக்கறேன், பாருங்க.”

“வச்சிருக்கற.”

கடைசியில் கார் வாங்கிய வருடம் வந்தது. அது இன்னும் ஈரமாக இருந்தது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். பிரேக்கை மிதித்தாள். மூடியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை விட்டு அமுக்கினாள். அத்தனை அடம்பிடித்த கியர் சமர்த்தாக நியூட்ரலில் வந்து நின்றது. ஹேண்ட்பிரேக்கை விட்டாள்.

குடித்தனக்காரர்கள் சேர்ந்து தள்ளினார்கள். கார் மெல்ல உருண்டது.

“ஆளு பத்தலை. நானும் ஒரு கை குடுக்கறேன்,” என்று தெய்வசிகாமணி இறங்கிப் பின்னால் போனார்.

கேட்டில் முன்சக்கரம் திங்கள்கிழமையைத் தொட்டதும் சுலோச்சனா பிரேக்கை மிதித்துவிட்டாள்.

“ஏம்புள்ள நின்னுட்ட?”

“காலு தானாப் போயிருச்சுங்க.”

“எடு. கல்யாண வீட்டுக்காரங்க நிக்கறாங்க.”

அழுதுகொண்டே காலை எடுத்தாள். பின்னாலிருந்து ஒரே ஒரு தள்ளு வந்தது. அவர் கைதான், அவளுக்குத் தெரியாதா! அப்புறம் ரோடு இறக்கம். யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை.