எண்பத்தொரு சென்டிமீட்டர்

"முப்பத்தேழு!"

ஜெயபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை மேலே தள்ளினான். ஒவ்வொரு கைக்கும் கீழே ஒரு செங்கல். கால் இரண்டும் கட்டில் மேல். முதுகைச் சுற்றி நாலு மடிப்பாகத் தைத்த எலாஸ்டிக். அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஜட்டி இடுப்புக்குப் போடுகிற அதே பட்டை. முனைகள் உள்ளங்கைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. எழும்போதெல்லாம் யாரோ மேலே உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி இருந்தது.

"முப்பத்தெட்..."

பட்! எலாஸ்டிக் அறுந்து சாட்டையாய்க் கழுத்தில் விழுந்தது. இடக்கைச் செங்கல் புரள, நெஞ்சு தரையில் மோதியது.

"ஏனுங் கண்ணு, ஊட்டுக்குள்ள என்னத்தப் போட்டு இடிக்கறீங்க?" வாசலில் வீட்டுக்காரம்மா மாரக்காள். கையில் ஜாக்கெட் துணி.

"ஒண்ணுமில்லம்மா. நெஞ்சுதான் இடிச்சிருச்சு."

"நெஞ்சு உங்களுதுங்க, என்னமோ பண்ணிக்கங்க. தரை எங்களுதுங்க!"

அடுப்படியிலிருந்து வந்த சித்ராதேவி சிரித்துவிட்டாள். ஜெயபாண்டியின் அக்கா. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்தக் காம்பவுண்டில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பவள். கழுத்தில் மாலை மாதிரி எப்போதும் ஒரு டேப்.

"துணிய வச்சிட்டுப் போங்கம்மா. அளவு எங்கிட்ட இருக்கு."

"போன தடவையாட்டவே லூசா வெச்சுருங்க சாமி. இறுக்கிப்போட்டா மூச்சு உட முடியறதில்லை."

அவர் போனதும் ஜெயபாண்டி சட்டையில்லாமல் எழுந்து நின்றான். "அக்கா, அள."

வியாழக்கிழமை காலையில் கோயம்புத்தூர் மைதானத்தில் அவன் இப்படித்தான் நிற்க வேண்டும். காவலர் தேர்வு. எழுத்துத் தேர்வு தாண்டியாகிவிட்டது. உயரம் இருக்கிறது. ஓட்டம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மார்புதான் வில்லன். சாதாரணமாக எண்பத்தொரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும்.

போன வருஷம் வீட்டில் அக்கா அளந்தபோது எண்பத்திரண்டு. மைதானத்தில் எண்பது. ஒரே ஒரு சென்டிமீட்டரில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். இந்த வியாழன் இல்லையென்றால் எந்த வியாழனும் இல்லை.

சித்ராதேவி டேப்பைத் தோலோடு ஒட்டிச் சுற்றினாள். குனிந்து பார்த்தாள்.

"எண்பது."

"நல்லாப் பாருக்கா!"

"பாத்துட்டேன்டா. மூச்ச இழு... எண்பத்தஞ்சு."

 மூன்று வாரமாக அதே எண்பது. அக்கா கையில் எண்பத்திரண்டாக இருந்தது அங்கே எண்பதாகச் சுருங்கியது. அப்படியென்றால் அக்கா கையிலேயே எண்பதாக இருப்பது அங்கே...

எழுபத்தெட்டு.

"போன வருசம் மைதானத்துல அந்தாளு டேப்ப இறுக்கிப் பிடிச்சான்க்கா. கிறுக்கன்!"

சித்ராதேவி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஒன்றரை ஷிஃப்ட். இரவு எட்டரைக்கு வந்தவன் சோற்றைத் தொடவில்லை. புது எலாஸ்டிக், இந்த முறை ஆறு மடிப்பு. அதை ஜன்னல் கம்பியில் கோத்து, முதுகைக் காட்டி நின்று, இரண்டு முனையையும் நெஞ்சுக்கு முன்னால் இழுத்துச் சேர்த்தான். இருபது. இருபது. இருபது. பிறகு தரையில் மல்லாந்து, நிரம்பிய தண்ணீர்க் கேனை நெஞ்சுக்கு மேலே தூக்கி இறக்கினான். கேன் வழுக்கிவிடுமோ என்று சித்ராதேவி தலைமாட்டிலேயே நின்றாள்.

"இந்தா, சாப்புட்டுட்டுத் தூக்குடா. வெறும் வயித்துல என்ன வளரும்?"

"நெஞ்சு வளரும்."

"கொழுப்புத்தான் வளருது."

முட்டை நான்கு வந்தது. நின்றபடியே உரித்து விழுங்கினான். அன்று அவன் தூங்கவில்லை. கண்ணை மூடினால் டேப். திறந்தால் எழுபத்தெட்டு.

செவ்வாய்க்கிழமை மதியம் கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் கட்டிங் டேபிளிலிருந்து ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு துணி ரோல் அடுக்கிய அறைக்குள் நுழைந்தான். தன்னைத்தானே அளந்தான். எழுபத்தொன்பது. கையை இறக்கினால் எண்பத்து மூன்று. முதுகுப் பக்கம் டேப் நழுவியது, தூக்கிப் பிடித்தான். எண்பத்தொன்று. எதை நம்புவது?

"என்னப்பா, உனக்கு நீயே பனியன் தைக்கிறியா?" பின்னால் கட்டிங் மாஸ்டர் பூபாலன். "டேப்பக் குடு. அங்க முந்நூறு பீஸ் நிக்குது. சுருக்கத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் சேத்து மார்க் பண்ணலைன்னா வாஷ்ல போயி மொத்தமும் சின்னதாயிரும்."

டேப் போனது. கூடவே கொஞ்சநஞ்ச தைரியமும் போனது.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தால் செங்கல்லைக் காணோம். எலாஸ்டிக்கைக் காணோம். தண்ணீர்க் கேன் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

"எங்கக்கா வச்ச?"

"நாளைக்கு ஓடணும். இன்னைக்குச் சும்மா இரு. வலிச்ச நெஞ்சு விரியாது."

"எண்பத வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவா? உனக்கென்னக்கா தெரியும்? தோத்தது நான். அத்தனை பேரு முன்னால சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய வந்தது நான்!"

சித்ராதேவி தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டிலிருந்து நிமிர்ந்தாள். வாய் திறந்தது. ஏதோ சொல்லப்போனாள். சட்டென்று தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"படுத்துத் தூங்குடா. நாலு மணிக்கு எழுப்புறேன்."

மைதானத்தில் வரிசை நீண்டிருந்தது. சட்டையில்லாத இருநூறு முதுகுகள். ஜெயபாண்டிக்கு முன்னால் நின்றவன் அளவில் விழுந்தான். வந்த வழியே திரும்பிப் போனான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அடுத்து!"

டேப் குளிர்ச்சியாக நெஞ்சைச் சுற்றியது. போன வருஷம் போலவே தோலோடு ஒட்டி, இடைவெளியே இல்லாமல். ஜெயபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு.

"எண்பத்திரண்டு. இழு."

இழுத்தான்.

"எண்பத்தேழு. போ."

அவன் நகரவில்லை. "சார்... சரியாப் பாத்தீங்களா?"

போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார். "ஏன் தம்பி, கொறச்சுப் போடவா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு ஓட்டத்தில் அவன் கால் தரையில் பட்டதா என்பதே அவனுக்கு நினைவில்லை. கொடுத்த நேரத்தில் முக்கால் நிமிஷம் மிச்சம்.

கேட்டுக்கு வெளியே சித்ராதேவி நின்றுகொண்டிருந்தாள். லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். கழுத்தில் டேப், கழற்றக்கூட மறந்திருக்கிறாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"எண்பத்திரண்டுக்கா! நீ எண்பதுன்ன! உன் டேப்பத் தூக்கிக் குப்பையில போடு!"

"டேப்பு சரியாத்தான்டா இருக்கு. எனக்கும் எண்பத்திரண்டுதான் வந்துச்சு. ரெண்டு கொறச்சுச் சொன்னேன்."

"என்னது?"

"துணி சுருங்கும்னு ரெண்டு சேத்து வெட்டுறோம்ல? வரிசையில நின்னு பயந்தா மனுசனும் சுருங்குவான். அதான்."

"மூணு வாரமாச் செத்துப் பொழச்சேன்க்கா! மொதல்லயே சொன்னா என்னவாம்?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்ப. போன வருசம் எண்பத்திரண்டுன்னு சொன்னதும் கடைசி மாசம் செங்கல்லத் தொட்டியா நீ?"

 சித்ராதேவியின் கண் கலங்கியிருந்தது.

"அதுல உன்மேல தப்பில்லடா. நீ தோத்துட்டு வந்து சுவத்தப் பாத்துப் படுத்திருந்த அன்னைக்கு, வீட்டுக்காரம்மா ஜாக்கெட்டுக்கு அளக்கச் சொல்லி வந்து நின்னாங்க. அளந்தேன். அப்பத்தான் என் கையவே பாத்தேன். ஒரு வருசமா உங்கிட்ட வாயத் தொறக்கத் தைரியம் வரல."

"என்னத்தக்கா பாத்த?"

அவள் டேப்பை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றினாள். ஜாக்கெட் இறுக்கிவிடக் கூடாதென்று எல்லோருக்கும் அளப்பதுபோல, டேப்புக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துக் காட்டினாள்.

"அந்தாளு இறுக்கிப் பிடிக்கலடா. போன வருசம் உனக்கு எண்பதுதான். மிச்சம் ரெண்டும் என் விரலு."