ஐஸ்பெட்டியில் நீல வரியன்கள்

ஜமீல் காய்ந்த தேள்கொடுக்குச் செடிகளைக் கட்டாகக் கட்டி, உசிலை மரத்தின் தாழ்ந்த கிளையில் தலைகீழாகத் தொங்கவிட்டான். ஐப்பசி மாதத்துக் காலை வெயில் அப்போதுதான் கோயில்காட்டுக்குள் எட்டிப் பார்த்தது. இரவெல்லாம் இறக்கையை மடித்துச் சருகோடு சருகாகத் தொங்கிய நீல வரியன் பட்டாம்பூச்சிகள், ஒவ்வொன்றாக இறக்கையை விரித்து வெயில் காய்ந்தன. கறுப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடுகள். உடம்பில் சூடேறாமல் அவற்றால் பறக்க முடியாது. சூடேறியதும் பூத்திருந்த செடிகளையெல்லாம் விட்டுவிட்டு, அந்தக் காய்ந்த கட்டில் வந்து மொய்த்தன.

ஜமீலுக்குப் பழங்காநத்தத்தில் கல்யாண டெக்கரேஷன் கடை. எதிர்க்கடைக்காரன் மேடையில் புகை விட்டால் இவன் பூமழை பொழிய வேண்டும். அவனும் பூமழைக்கு வந்துவிட்டால் இவன் வேறொன்று யோசிக்க வேண்டும். அந்தத் தொழில் அப்படி. இந்த முறை இவன் யோசித்தது பட்டாம்பூச்சி. பெண்ணும் மாப்பிள்ளையும் பெட்டியைத் திறந்ததும் குபீரென்று பறக்க வேண்டும். எப்படிப் பிடிப்பது என்பதைச் செல்போன் வீடியோ ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தது.

மறுநாள் கல்யாணப் பெண்ணின் அப்பா காளை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். மலையடிவாரத்து விவசாயி. அவர் ஊருக்குச் சொந்தமான காடு அது.

"பூவுல போய் உக்காராம, காஞ்ச சருகுல என்னத்தத் தேடுதுக பாய்?"

"வந்ததுல முக்காவாசி ஆம்பளப் பூச்சியாம்ணே. இந்தச் செடியில உள்ள சத்த உறிஞ்சினாத்தான் இதுக மேல ஒரு வாசன ஊறுமாம். அது இல்லைன்னா பொட்டப் பூச்சி திரும்பிக்கூடப் பாக்காதாம்."

"அப்ப மாப்பிள்ளைக சீர் வாங்க வந்துருக்குன்னு சொல்லு!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜமீலுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சாமி காடாச்சேண்ணே. இங்க ஒரு சுள்ளி ஒடிச்சாக்கூடக் குத்தம்னு சொல்வீங்களே?"

அது உண்மைதான். அந்த ஊரில் அடுப்பெரிக்க விறகில்லாத காலத்திலும், அங்கே விழுந்த கிளை விழுந்த இடத்திலேயே மக்கியது. காளை தாடையைத் தடவிக்கொண்டார்.

"சுள்ளி எடுக்கத்தான் கூடாது. பூச்சியப் பிடிக்கக் கூடாதுன்னு எந்தப் பெருசும் சொல்லல. நீ பிடி."

மனிதனுக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால் சாமியிடமே சட்டம் பேசுவான். ஜமீல் வலையை வீசினான். உறிஞ்சும் மும்முரத்தில் இருந்த பூச்சிகள் தப்பிக்கக்கூடப் பார்க்கவில்லை.

படபடவென்று அடித்துக்கொண்டால் இறக்கை கிழிந்துவிடும், குளிரில் வைத்தால் அடங்கிக் கிடக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு குளிர், எவ்வளவு நேரம் என்பதை ஜமீல் சரியாகக் கவனிக்கவில்லை. தெர்மோகோல் பெட்டியின் அடியில் ஐஸைப் பரப்பி, மேலே அட்டை வைத்து, அதன்மேல் பூச்சிகளை விட்டு மூடினான். அன்று பகலும் இரவும் அவை அதற்குள்ளேயே கிடந்தன.

மறுநாள் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். ஏ.சி. மண்டபம், நல்ல கூட்டம். தாலி கட்டி முடிந்ததும், பூச்சிகளை மாற்றிவிட்டுப் பட்டுத்துணி சுற்றிய வேறொரு பெட்டி மேடைக்கு வந்தது. மேளக்காரர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த பருத்த மனிதர் ஒருவர், "நல்லா வந்துச்சுன்னா அடுத்த மாசம் நம்ம வீட்டு விசேஷத்துக்கும் நீதாம்ப்பா" என்று ஜமீலிடம் முன்பணம் கொடுக்காத குறையாகச் சொல்லி வைத்திருந்தார்.

மாப்பிள்ளை அருள்பாண்டி பெட்டியைப் பிடித்துக்கொள்ள, மணப்பெண் மீனா மூடியைத் திறந்தாள். ஒன்றும் பறக்கவில்லை. அவசரத்தில் மாப்பிள்ளை பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். பூச்சிகள் கொத்தாக அவள் கூறைப்புடவையில் விழுந்து மடியிலும் காலடியிலும் சிதறின.

மாப்பிள்ளையின் அத்தை ஜெயக்கொடிதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஆத்தீ! தாலி ஏறி இன்னும் மஞ்ச காயல, அதுக்குள்ள மடியில சாவு விழுந்துருச்சே! இவ கை பட்டதும் அம்புட்டும் செத்துப்போச்சே! என்ன ராசிய்யா இது?"

அந்தச் சொல் மேடையிலிருந்து பந்திவரைக்கும் போவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நாளைக்குப் புகுந்த வீட்டில் பால் திரிந்தாலும், மாடு செத்தாலும், மாமனாருக்குக் காய்ச்சல் கண்டாலும் இந்தப் பேச்சுத்தான் முதலில் எழுந்து வரும். மீனாவுக்கு அது தெரிந்தது. கண்ணீரை அடக்கிக்கொண்டு மடியில் கிடந்தவற்றைப் பார்த்தாள். காளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "நீ பிடி" என்று சொன்ன வாய் இப்போது திறக்கவில்லை.

ஜமீல் தூண் ஓரமாக நின்றான். பேசாமல் இருந்துவிட்டால் பெண்ணின் ராசி என்று முடிந்துவிடும், கடையின் பேர் கெடாது. அடுத்த மாத விசேஷமும் கைக்கு வரும். ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு அவனால் நிற்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. விறுவிறுவென்று மேடையேறினான்.

"நிறுத்துங்கம்மா. இதுல பொண்ணோட ராசி எங்க வந்துச்சு? நான்தான் இதுகளப் பிடிச்சேன். அடங்கிக் கெடக்கட்டும்னு ஒரு பகலு, ஒரு ராத்திரி ஐஸுல போட்டு வச்சது நான்தான். வெயில் இல்லாம பறக்காத உசுரு. அது தெரிஞ்சே செஞ்சேன்."

"பொண்ணு வீட்டுக்காசு வாங்குனவன் அப்பிடித்தான் சொல்லுவான்" என்றாள் ஜெயக்கொடி.

ஜமீல் மேடையிலேயே குனிந்தான். பூச்சிகளை மீண்டும் பெட்டியில் பொறுக்கினான். மீனாவும் குனிந்து தன் மடியில் கிடந்தவற்றைப் பொறுக்கினாள். வெயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று ஜமீல் பெட்டியோடு வாசலுக்கு நடக்க, மணமாலையோடு அவளும் பின்னால் நடந்தாள். மாப்பிள்ளை தொடர்ந்தான், கூட்டமும் தொடர்ந்தது.

மண்டபத்து முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. சிமெண்ட்டுத் தரையில் துணியை விரித்து அவற்றைப் பரப்பினார்கள். வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று காலை உதறியது. இன்னொன்று இறக்கையை விரித்தது. ஒன்று எழும்பி, தடுமாறி, ஜெயக்கொடியின் தலைக்கு மேலாகப் பறந்து மேற்கே போனது. பின்னால் இன்னும் சில போயின. ஜெயக்கொடி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பாதிக்கு மேல் எழவேயில்லை.

காளை மகள் அருகில் வந்து நின்றார். "சுள்ளிய ஒடிக்காம பாத்துக்கிட்டா காட்டக் காப்பாத்துனதா நெனச்சேன் தாயி. அதுல குடியிருந்ததப் புடிச்சுக் குடுத்துட்டேன். அந்தம்மா உன்னயப் பேசும்போதும் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்." மீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசை மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜமீலிடம் வந்தார்.

"பரவால்லப்பா, ஒரு தடவ தப்பாப் போச்சு. ஐஸு மட்டும் இல்லாமப் பண்ணு. நம்ம விசேஷத்துல ஜம்முன்னு பறக்கட்டும்."

ஜமீல் எழாமல் கிடந்த ஒன்றை உள்ளங்கையில் எடுத்தான். நேற்றுக் காலையில் சிரித்த சிரிப்பு அவன் நினைவுக்கு வந்தது.

"ஜம்முன்னு பறக்குறதப் பாக்கணும்னா விடிஞ்சதும் காட்டுக்குப் போங்கண்ணே, காசில்லாமப் பாக்கலாம். இதுகளும் சீர் வாங்கிக்கிட்டுப் பொண்ணு பாக்கக் கெளம்புன மாப்பிள்ளைகதான். நம்ம வீட்டு ஒரு மாப்பிள்ளைக்கு வேடிக்கை காட்ட, இம்புட்டு மாப்பிள்ளைகளப் பாடையேத்திட்டேன். அடுத்த உசுர அடச்சு வச்சு நாம கொண்டாடுறது கொண்டாட்டமே இல்லண்ணே. இனி என் கடையில பூ மட்டுந்தான்."