ஒரு நேரத்தில் ஒரு கேள்வி

கனகசபை கட்டிலின் மேல் குனிந்து மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போய் மூச்சுக்கு மெஷின் போடுவமோ, இல்லை இப்பிடியே வீட்டிலை இருக்கப்போறியோ? சொல்லடா."

நித்தியானந்தன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓம் என்றால் கண்ணை மூடவேண்டும். இல்லையென்றால் திறந்தே வைத்திருக்கவேண்டும். தசைகளைத் தின்ற நோய் அந்த இமைகளை மட்டும்தான் விட்டுவைத்திருந்தது. அவை பாதியில் நடுங்கி நின்றன.

"பாத்தியே, மூடப்பாக்கிறான். போவம் எண்டுதான் சொல்றான்." கனகசபை விடியற்காலையில் ஹேர்னிங் நகரிலிருந்து பனியில் கார் ஓட்டி வந்திருந்தார்.

விமலராணிக்குக் கணவன் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. கூடத்தில் டொக்டர் காத்திருந்தார். விருப்பம் தெரியாவிட்டால் அம்புலன்சைக் கூப்பிடத்தான் வேண்டும் என்று டேனிஷில் சொல்லியிருந்தார்.

நோய் வருமுன், டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில், மீன்பிடிப் படகுகளுக்குக் கருவிகள் செய்யும் ஒரு கொம்பனியில் நித்தியானந்தனுக்கு வேலை. சின்னத் திரையில் எந்தச் சொல் தெரியவேண்டும், எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும் என்று யோசிப்பதற்கே சம்பளம். எண்பத்துமூன்றில் ஒரு மீனவர் பொத்தானை மாற்றி அமத்த, வலை அறுந்துபோனது. கொம்பனியில் எல்லோரும் அந்த மனிதரைத் திட்டினார்கள். நித்தியானந்தன் மட்டும் அவரோடு கடலுக்குப் போய், நாலு நாள் வாந்தியெடுத்துத் திரும்பினான்.

"ஈரக் கையுறையோடை, ஆடுற படகிலை நிக்கிற மனுசனிட்டைத் திரையிலை ஒரேயடியா ரெண்டு விசயம் கேக்கிறம், விமலா. அந்தாளிலை பிழையில்லை. நாங்கள் கேட்ட விதம் பிழை."

வீட்டில் சண்டை வந்தாலும் அதையேதான் சொல்வான். அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடும்.

"அத்தான், கொஞ்சம் தள்ளுங்கோ," என்றாள் கனகசபையிடம்.

"ஏன் பிள்ளை?"

"ரெண்டையும் சேத்துக் கேக்கிறியள். அவர் எதுக்கெண்டு கண்ணை மூடுறது?"

டொக்டரையும் உள்ளே கூப்பிட்டு, கேட்கப்போகும் ஒவ்வொன்றையும் டேனிஷிலும் சொல்வதாகச் சொன்னாள். கணவன் முகத்துக்கு நேரே இருந்தாள்.

"இஞ்சருங்கோ. மூச்சு எடுக்கக் கஷ்டமோ?"

மூடினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமோ?"

கண்கள் திறந்தே இருந்தன. அவள் மனதுக்குள் பத்துவரை எண்ணினாள். இமை அசையவில்லை.

"மெஷின் வேணுமோ?"

அசையவில்லை.

"வீட்டிலை இருப்பமோ?"

இமைகள் முழுதாக, நிதானமாக மூடின.

கனகசபை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பயமா இருக்கோ, என்னிலை கோவமோ... இல்லை, பொறு. ஒண்டொண்டாக் கேக்கிறன். பயமோ?"

திறந்திருந்தன.

"என்னிலை கோவமோ?"

திறந்தே இருந்தன. உதட்டோரம் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது.

மூச்சின் வேதனை குறைய டொக்டர் ஊசி போட்டார். அம்புலன்ஸ் வேண்டாம் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார். மத்தியானம் இரண்டரைக்கு, விமலராணியின் கை நெஞ்சின் மேல் இருக்க, நித்தியானந்தனின் மூச்சு நின்றது.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். முதலில் வந்தது நீண்ட பெருமூச்சு. பல மாதங்களாக இறுகிக் கிடந்த தோள்கள் தாமாகவே இறங்கின.

"நல்லகாலம் பிள்ளை, கேட்டிட்டம்," என்றார் கனகசபை.

"ஓம் அத்தான்."

ஆட்கள் வருவார்களென்று அவர் வெளியே போய் வாசல் பனியை வழித்துவிட்டு வந்தார். விமலராணி தேத்தண்ணியோடு வந்தபோது சோபாவில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டிருந்தார். சப்பாத்துகளிலிருந்து பனி உருகிக் கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அவள் தரையில் குந்தி, அவர் எழும்பாதபடி லேஸை அவிழ்த்துச் சப்பாத்துகளைக் கழற்றி, இரண்டையும் ஹீற்றருக்குப் பக்கத்தில் காயவைத்தாள்.