மூடிய ஆய்வகம் அனுப்பிய ரிப்போர்ட்

1

சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. "கம்பெனிய மூடியாச்சு, லைன் மட்டும் இன்னும் உயிரோட இருக்கு." அவர் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

'அவள் கணினித் திரையில் ஒரு நிழல்...' வேண்டாம், இது பேய்க்கதை இல்லை.

நேராகவே சொல்கிறேன். 'பூட்டு' என்பது என் கதாநாயகிக்கு அவள் அக்கா வைத்த பட்டப்பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். ஒரு மருத்துவமனையின் கணினி இணைப்புகள் அவள் பொறுப்பு. ரத்தம், சதை சோதிக்கும் வெளி ஆய்வகம் ஒன்றுக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் ஒரு லைன் இருந்தது.

[லைன் என்றால் இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வாசலை எத்தனை முறை பூட்டினாலும், அந்த வீட்டுக்காரர் தன் வாசலைத் திறந்து போட்டால் போச்சு.]

அந்த ஆய்வகத்தை அதன் முதலாளிகள் இழுத்து மூடியதும் பூட்டு லைனை வெட்டப் போனாள். பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்க்க வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள் டாக்டர்கள். அங்கே எல்லா லைனும் இப்படித்தான் இருந்துகொண்டிருக்கும்.

3

அக்காவின் மார்பில் ஒரு கட்டி. அதே மருத்துவமனையில் சேர்த்து, சதைத் துணுக்கைப் புது ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று காலை ரிப்போர்ட் வந்தது: புற்றுநோய் இல்லை. அக்கா அழுதாள், சிரித்தாள், பையில் துணிகளைத் திணிக்கத் தொடங்கினாள்.

பூட்டு மட்டும் வழக்கம்போல, ரிப்போர்ட் எந்த வழியாக வந்தது என்று பார்த்தாள். பழைய லைன். ஆளே இல்லாத ஆய்வகம். உள்ளே இருப்பது யார்? இன்னும் எத்தனை பேருடைய ரிப்போர்ட்டில் கைவைத்திருக்கிறார்கள்?

4

முடிவு ஒன்று: பழைய ஆய்வகத்தின் கணினிகளைப் புது ஆய்வகமே வாங்கியிருக்கிறது, ரிப்போர்ட் உண்மை. எழுதிப் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: வாங்கியது வேறு யாரோ, ரிப்போர்ட் பொய். அக்கா வீட்டுக்குப் போகிறாள், உள்ளே அந்தக் கட்டி [இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.]

பூட்டு புது ஆய்வகத்தைப் போனில் கூப்பிட்டாள். விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டார்கள். லைனை வெட்டினாள். அக்கா காதில் விழுந்துவிட்டதை எதை வைத்து வெட்டுவது?

5

மருத்துவமனை வாசலில் அக்கா நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, நல்ல சேதி வந்திருக்கு. உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

பூட்டு வாயைத் திறந்தாள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அக்கா இப்படிச் சிரித்துப் பல நாளாயிற்று. எனக்குப் பயமாக இருக்கிறது. பூட்டு என்ன பதில் சொல்லட்டும்? நீங்கள் சொல்லுங்கள், அக்கா காத்துக்கொண்டு நிற்கிறாள்.