பின்சீற்

மோட்டார் சைக்கிளின் பின்சீற்றைக் கழற்றி முற்றத்தில் கவிழ்த்துத் தட்டியபோது உள்ளேயிருந்த ஸ்பொஞ்ச் வறுத்த மாவைப்போலப் பொலபொலவென்று கொட்டியது. தம்பிராசா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெறும் மஞ்சள் தூள். எழுபத்தெட்டில் மோட்டார் சைக்கிளை வாங்கியபோது அழுத்தினால் பொம்மென்று எழும்பிய சீற்தான். பதினைந்து வருடம் வெயிலும் மழையும் வெங்காயச் சாக்குகளும் பட்டதில் றெக்சினுக்குக் கீழே தகடுதான் மிச்சமாயிருந்தது. இந்தத் தகட்டின்மேல் மனைவியை ஏற்றிக்கொண்டு இருபது மைல் போகலாமென்று இரண்டு வருடமாகத் தான் நினைத்துக்கொண்டிருந்ததை எண்ண அவருக்கே வெட்கமாயிருந்தது.

போகவேண்டிய இடம் மணற்காடு. உரும்பிராயிலிருந்து நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி கடந்து, வல்லை வெளியின் காற்றுக்குள் புகுந்து, நெல்லியடி, மந்திகை, வல்லிபுரம் என்று போனால், கிழக்குக் கடற்கரையில் மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கிற ஊர். ரோட்டு முழுக்கப் பள்ளம். சண்டையும் தடையும் வந்தபிறகு மோட்டார் சைக்கிளும் பெற்றோலில் ஓடிய காலம் போய்விட்டது. சின்னப் போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கறுத்தப் புகையோடு போகவேண்டும். அங்கேதான் அவருடைய ஒரே மகள் இராசமலர் இருந்தாள்.

எண்பத்தாறில் அவள் ரவுணுக்கு ரைப்பிங் பழகப் போய்வந்த நாளில், கரையோரக் கொழும்புத்துறைச் சவரிமுத்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கடல்தொழில் செய்கிற, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெடியன். செய்தி வந்த மத்தியானம் தம்பிராசா கத்தவில்லை. சோற்றைத் தின்று முடித்தார், கை கழுவினார், துவாயில் துடைத்தார். பிறகு, "இனி அவளின்ரை கால் இந்தப் படலைக்குள்ளை படக்கூடாது" என்றார். மனைவி சிவக்கொழுந்து எச்சில் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த வீட்டில் அதற்குப்பிறகு அந்தப் பேச்சே இல்லை.

ஐந்து வருடம் அவர் அந்தச் சொல்லைக் கட்டிக் காத்தார். தொண்ணூற்றொன்றில், செல்லடி தாங்காமல் கரையோரத்துச் சனங்கள் திக்குத்திக்காகப் போனதையும், கொழும்புத்துறை ஆட்கள் சிலர் மணற்காட்டில் குடியேறியிருப்பதையும் சந்தையில் யாரோ கதைத்துக் கேட்டார். கேட்ட மறுநாள் காலையில் எதற்கென்று தெரியாமலே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஓலைக் கொட்டிலுக்கு முன்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா" என்றாள். கையை மணலில் துடைத்துவிட்டு உள்ளே போய் அவர் இருக்க ஒரு மரவாங்கைக் கொண்டுவந்து போட்டாள். அவ்வளவுதான். மன்னிப்பு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வருகிறார். சிவக்கொழுந்து மிளகாய்த்தூள் இடித்து, வெங்காயமும் பனங்கட்டியும் கட்டிக் கொடுப்பாள். தான் மட்டும் வரமாட்டாள்.

"எனக்கு உந்தச் சீற்றிலை இருக்கேலாது. நாரி நோகுது."

அது பொய்யில்லை. சில வருடத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி, குந்தினபடி விழுந்தவள். அதன்பிறகு இடுப்பு உளைவில் வெறுந்தரையில் கனநேரம் இருக்கமாட்டாள். மகளிடம் ஒருமுறை, "கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தாமல், "நாரி நோவோடை அவவை ஏனப்பா அலைக்கிறியள்? ரோட்டும் சரியில்லை" என்றாள். தாயில் எவ்வளவு கரிசனை என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தார் தம்பிராசா. எல்லாக் குறையும் சீற்றில்தான் என்று அவருக்கு அன்றைக்கு முடிவாயிற்று.

முதலில் பழைய தலையணை இரண்டைப் பிரித்து இலவம்பஞ்சை அடைத்தார். கோப்பாய்ச் சந்தி வருமுன்னரே பஞ்சு ஒருபக்கம் ஒதுங்கி, மறுபக்கம் தகடு தட்டியது. சிவக்கொழுந்து இறங்கி நடந்துதான் வீடு வந்தாள். பிறகு தேங்காய்த் தும்பு வாங்கி அடைத்தார். தும்பு ஒதுங்கவில்லை, ஆனால் குத்தியது. ஸ்பொஞ்ச் வேண்டுமென்று கேட்டால் கடைக்காரர் சிரித்தார்கள். சவர்க்காரத்துக்கே வழியில்லாத நாளில் கொழும்பிலிருந்து ஸ்பொஞ்ச் யார் கொண்டுவருவது?

கடைசியில்தான் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் இருந்த தேவராசாவிடம் போனார். முன்பு பஸ்களுக்குச் சீற் தைத்த மனிதன். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாயில் ஊசி நூலைக் கடித்துக்கொண்டே கதைப்பார்.

"ஆர் இருக்கப்போறது, அண்ணை?"

"வீட்டுக்காரி."

"ரண்டு பக்கமும் கால் போட்டோ, ஒருபக்கமாயோ?"

"சீலையோடை வேறை எப்பிடி? ஒருபக்கமாய்த்தான்."

"நீங்கள் எப்பவாவது பின்னாலை ஒருபக்கமாய் இருந்து போயிருக்கிறியளோ?"

தம்பிராசாவுக்கு விளங்கவில்லை. தேவராசா நூலைத் துப்பிவிட்டு எழுந்து, சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்தார். "ஏறுங்கோ."

சந்தைக்கு வந்த சனம் பார்க்கப் பார்க்க, ஐம்பத்தெட்டு வயது மனிதர் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு பெண்களைப்போல ஒருக்களித்து ஏறி இருந்தார். தேவராசா பலாலி ரோட்டால் விட்டார். முதல் பள்ளத்திலேயே தம்பிராசாவுக்கு முள்ளந்தண்டின் அடியிலிருந்து கழுத்துவரை ஒரு குத்து ஏறியது. முன்னால் இருப்பவன் பள்ளத்தைக் காண்கிறான், காலை ஊன்றிக் கொஞ்சம் எழும்பிக்கொள்கிறான். பின்னால் இருப்பவருக்கு வியர்வையில் நனைந்த ஒரு சேட்டு முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. பள்ளம் வந்தது நாரிக்குத்தான் தெரியவரும். வைக்க இடமில்லாத கால்கள் தொங்கித் தொங்கி இடுப்பைக் கீழே இழுத்தன. பிடிக்க ஒன்றுமில்லை. "மெல்லமாய் விடும், தம்பி" என்று சொன்னார். தேவராசா திரும்பவேயில்லை. காற்று அந்தச் சொல்லை அப்படியே பின்னால் கொண்டுபோய்விட்டது.

இறங்கிய தம்பிராசா இரண்டு கையாலும் நாரியை அமுக்கிப் பிடித்தார். கலியாணமாகி முப்பது வருடம். அதில் பாதி நாள் இந்தச் சைக்கிளில்தான் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீடுகளுக்கும் அவளை ஏற்றிக்கொண்டு போனார். சைக்கிளில் ஏறினால் அவள் வாயே திறக்கமாட்டாள் என்று மற்றவர்களிடம் பகிடியாகச் சொல்லியிருக்கிறார். அவள் எதையெதைச் சொல்லிக்கொண்டு வந்தாளோ.

"மெத்தை இருந்தாக் காணும், வேறொண்டும் வேண்டாமெண்டு நினைக்கிறியள்" என்றார் தேவராசா. "மெத்தையிலை ஆள் அமிழ்ந்தா, கீழை தகடுதானே. அது வேலையில்லை, அண்ணை. தாங்கிப் பிடிக்க வேணும்."

நாலு நாள் வேலை. தகட்டின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய லொறி ரியூப்பைப் பட்டை பட்டையாகக் கீறி, கட்டில் பின்னுகிறமாதிரி குறுக்கும் நெடுக்கும் இழுத்துப் பின்னினார். அதன்மேல் சிக்கெடுத்து இறுக்கி அடுக்கிய தும்பு. தும்பு குத்தாமலிருக்க மேலே மெல்லிசாய்ப் பஞ்சு. பின்பக்கத்தை நாலு விரல் அகலம் கூட்டி, முள்ளந்தண்டின் நுனி படுகிற இடத்தில் ஒரு சிறு குழி விட்டார். றெக்சின் இல்லாததால் லொறியை மூடுகிற படங்குத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்தார். தம்பிராசா பக்கத்தில் குந்தியிருந்து தும்பு கோதினார். கால் வைக்க ஒரு இரும்புப் பலகையும், பிடிக்க ஒரு வளையமும் பூட்டவேண்டுமென்று கேட்டது அவர்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னேரம் சிவக்கொழுந்தை ஏற்றிக்கொண்டு கோப்பாய் வரை போய்வந்தார். இந்தமுறை பள்ளம் வருமுன்னரே, "பள்ளம்" என்று உரத்துச் சொல்லிக்கொண்டு ஓட்டினார். திரும்பி வந்து வாசல் படலையடியில் நிறுத்தியதும் அவள் இறங்கினாள். படங்குத் துணியைக் கையால் ஒருக்கால் தடவினாள்.

"நோகுதோ?"

"நோகேல்லை" என்றாள்.

கெட்ட செய்தி கேட்டவள்போல அவள் அதைச் சொன்னதைத் தம்பிராசா கவனிக்காமல் இல்லை. ஆனால் சந்தோசத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை. "அப்ப ஞாயிற்றுக்கிழமை போவம்" என்றார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் மாமரத்துக்குக் கீழே இருவரும் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பலகையில் இருந்தாள். கட்டிய பிடியைக் குவியலில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்காமல் சும்மா இருந்தாள்.

"இஞ்சாருங்கோ. நான் வரேல்லை."

"ஏன், நோகேல்லையெண்டு நீதானே சொன்னனீ?"

"நாரி நோகேல்லை." கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "அவள் ஒருக்கா இஞ்சை வந்தவள்."

"ஆர்?"

"மலர். தொண்ணூறிலை, கோட்டைக்குள்ளையிருந்து ஆமி செல் அடிச்ச நேரம். நீங்கள் சுன்னாகத்துக்கு வெங்காயம் கொண்டுபோன அண்டைக்கு. ஒரு பையும் அவளுமாய்ப் படலையடியிலை வந்து நிண்டாள். வயித்திலை அஞ்சு மாசம். மேல் முழுக்கப் புழுதி. ரண்டு நாளைக்கு இருந்திட்டுப் போறன் அம்மா எண்டு கேட்டாள்."

தம்பிராசாவின் கையில் தென்னோலைக் கீற்று அப்படியே நின்றது.

"அப்பா வாற நேரம், போ பிள்ளை எண்டு சொன்னன். தண்ணி கேட்டாள். செம்பிலை கொண்டுவந்து குடுத்தன். படலையைத் திறக்கேல்லை. மேலாலை நீட்டினன். அவள் குடிச்சுப்போட்டு, செம்பைத் திருப்பி மேலாலை தந்தாள். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. போயிட்டாள்." வெங்காயக் குவியலைப் பார்த்தபடி, "அந்தப் பிள்ளை தங்கேல்லை எண்டு பேந்து கேள்விப்பட்டன்" என்றாள்.

முதல் பிள்ளை தங்கவில்லை என்று மணற்காட்டில் சவரிமுத்துவும் அவரிடம் சொல்லியிருந்தான். அந்தக் கால அவலத்தில் எத்தனையோ பேருக்கு நடந்ததுதானே என்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் அவர். ஏன் இரண்டு பெண்களும் ஒரே நாரி நோவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வாங்கு எடுத்துப் போட்ட மகள் ஒருநாளாவது இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தாயைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"நான் சொன்னதுக்காகத்தானே..." என்று தொடங்கினார்.

"ஓம். நீங்கள்தான் சொன்னியள்." அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. "ஆனாப் படலை என்ரை கையிலைதானே இருந்தது."

தன் பங்கைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டால் அவளுக்குப் பாரம் குறையும் என்று நினைத்தவர், அது நடக்காது என்று கண்டார். இரண்டு பேரும் மிச்ச வெங்காயத்தைக் கட்டி முடித்தார்கள். ஒரு பிடியில் அவர் கட்டு இறுகாமல் அவிழ்ந்தது. அவள் அதை வாங்கித் திரும்பக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அவளைக் கூப்பிடவில்லை. பெற்றோல் போத்தலை எடுத்தார், உதைத்தார், புகை அடங்கும்வரை நின்றார். பையை எடுக்கத் திரும்பியபோது அவள் வெளிக்கிட்டு நின்றாள். பச்சைக்கரைச் சீலை. பை அவளுடைய கையில் இருந்தது.

"மெல்லமாய் விடுங்கோ" என்றாள்.

அச்சுவேலி தாண்டும்வரை அவர் பள்ளங்களைச் சொல்லிக்கொண்டே போனார். வல்லை வெளியில் தென்மேற்குச் சோளகக் காற்று பக்கத்தால் தள்ளியது. அங்கே அவள் ஏதோ சொன்னாள். அவர் சைக்கிளை ஓரத்தில் நிறுத்தி, முழுக்கத் திரும்பி, "என்ன?" என்று கேட்டார்.

"அவளுக்கு என்ன சொல்லுறது எண்டு கேட்டன்."

அவர் யோசித்தார். உப்பு வெளியில் இரண்டு கொக்குகள் நின்றன. "எனக்குத் தெரியேல்லை" என்றார். "ஓம்" என்றாள் அவள். அதுவே போதுமென்பதுபோல வளையத்தைத் திரும்பவும் பிடித்துக்கொண்டாள். அவர் ஓட்டினார்.

வல்லிபுரம் கடந்து கொஞ்சத் தூரத்தில் ரோட்டு மணலாயிற்று. சில்லு புதைந்து சைக்கிள் நின்றது. இறங்கி உருட்டினார்கள். கடைசி மேட்டில் ஏறியபோது கொட்டில்களும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. சைக்கிளை நிறுத்த அவர் ஸ்ராண்டைத் தட்டினார். அது மணலுக்குள் இறங்கிச் சரிந்தது. இன்னொரு இடத்தில் நிறுத்திப் பார்த்தார். அங்கேயும் இறங்கியது. கையை எடுத்தால் விழுந்துவிடும்.

"நில், ஒரு கல்லுப் பார்த்து..." என்றார்.

அவள் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கத் தொடங்கினாள்.

கீழே இராசமலர் பாயில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். முதலில் காணவில்லை. பிறகு நிமிர்ந்தாள். கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை அப்படியே நின்றது. சிவக்கொழுந்து பத்தடி தூரத்தில் போய் நின்றுவிட்டாள். காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசியதால், யார் பேசினார்கள், பேசினார்களா என்பதுகூடத் தம்பிராசாவுக்குக் கேட்கவில்லை. சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்தபடி மேட்டில் நின்றார். சிவக்கொழுந்தின் சீலைத் தலைப்பு தோளைவிட்டு நழுவி, காற்றில் விறைத்து, அவளுக்கு முன்னால் மகள் நின்ற பக்கமாக நீண்டு பறந்தது. அவள் அதை இழுத்துச் செருகவில்லை.