ஓட்டுகிறவரின் எடை

காரின் சக்கரங்களைக் கழற்றி வீட்டு ஷெட்டின் சுவரோரம் சாய்த்து வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: இந்த வேலையில் எதைக் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. ரோஷத்தில் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதையெல்லாம் முதலிலேயே யோசிப்பதில்லை. யோசித்தால் ஜாக்கியையே தொட மாட்டார்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஊரார் முட்டியையும் இடுப்பையும் மடக்கி நீட்டி வழிக்குக் கொண்டுவருகிற வேலை. காரின் மூட்டுகள் அவளுக்குப் புதிது. கார் அவளுடையதும் அல்ல, கணவனுடையது. இரண்டே கதவு, தரையோடு தரையாகக் குந்தியிருக்கும், வேகத்துக்கென்றே செய்த பழைய வண்டி. சாலையில் கிடக்கும் தீக்குச்சி மேல் ஏறி இறங்கினால்கூட முதுகெலும்புக்குத் தகவல் வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே அவன் வாங்கியது.

"உங்களுக்கு மூத்தாள், அண்ணி. கொஞ்சம் மரியாதையா கழட்டுங்க" என்றாள் நாத்தனார்.

நாத்தனார் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். அவளுக்கென்று அழகான பெயர் ஒன்று வைத்திருந்தும் வீட்டில் எல்லோருக்கும் அவள் லிஃப்ட்டுதான். கனமான சாமான் தொங்குகிற இடத்தில் எப்படி நிற்பது, எங்கே விரலை வைக்கக் கூடாது என்று தெரிந்தவள். அதனால்தான் அண்ணி அவளை அழைத்துவந்தாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

சங்கதி இதுதான். சில மாதங்களுக்கு முன், பட்டப்பகலில், வெளியூரிலிருந்து கணவனும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவில் அவன் பிரேக் போட்டான். கார் இடப்பக்கமாகப் போய்ச் சாலையோரக் குட்டைச் சுவரில் இடித்து நின்றது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இறங்கி நின்றதும் அவன் சொன்னான், "நான் திருப்பவே இல்லை. பிரேக்கை மிதிச்சதும் வண்டி தானா இழுத்துது." அவள் நசுங்கிய தகரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பொய் சொல்லாதீங்க. தூங்கிட்டீங்க. ரெண்டு கண்ணும் மூடியிருந்துது, என் கண்ணால பாத்தேன்" என்றாள்.

அதோடு விட்டாளா? மாமியாரிடம் சொன்னாள், நாத்தனாரிடம் சொன்னாள், நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். அவன் ரொட்டிக்கடை வைத்திருப்பவன். ஊர் எழுவதற்கு முன் எழுந்து மாவு பிசைகிறவன். அப்படிப்பட்டவன் மத்தியானத்தில் தூங்கிச் சாமியாடாமல் என்ன செய்வான்? அவனும் ஒரு நாள் இரண்டு நாள் மறுத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். கார்ச் சாவியை ஆணியில் மாட்டினான். அதற்குப் பிறகு அவன் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. எங்கே போனாலும் பஸ். "வித்துடலாம்" என்று மட்டும் எப்போதாவது சொல்வான், உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். சண்டை போட்டிருந்தால் தேவலை. சண்டையில் ஒரு பதில் கிடைக்கும்.

இதில் அவளைத் தின்றுகொண்டிருந்தது இன்னொன்று. அன்றைக்கு அவளும் கண்ணயர்ந்திருந்தாள். மோதின சத்தத்தில் திடுக்கிட்டு விழித்ததாக ஒரு ஞாபகம் இருந்தது. கண் மூடிய அவன் முகத்தைப் பார்த்ததாக இன்னொரு ஞாபகமும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே தலைக்குள் இருக்க முடியும்? பார்த்ததால் சொன்னாளா, சொல்லிச் சொல்லிப் பார்த்ததாகவே ஆகிவிட்டதா? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். யாரை விசாரிப்பது என்று சொல்லவில்லை. மிச்சமிருந்த ஒரே சாட்சி கார்தான்.

இடித்த தகரத்தைத் தட்டிச் சரிசெய்தவர் வேறு, "கீழே மூட்டெல்லாம் பழசும்மா, மொத்தமா மாத்துங்க, இல்லை தள்ளி விடுங்க" என்று சொல்லியிருந்தார். அவள் புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ்கள், பால் ஜாயிண்ட் என்று எல்லாவற்றையும் வரவழைத்துவிட்டாள். பழசைக் கழற்றும்போது எது கெட்டிருந்தது என்று தெரிந்துவிடும் அல்லவா? தெரிந்தால்? வண்டிதான் இழுத்தது என்றால், குற்றமில்லாதவனை அவன் வீட்டார் முன்னாலேயே குற்றவாளி ஆக்கியவள் அவள். வண்டியில் பழுதே இல்லை என்றால், அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவன். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் திருதிருவென்று விழித்திருப்பாள்.

வேலை நடந்தது. துருவேறிய போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, மறுபடியும் தட்டினார்கள். அடி மேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பது அம்மிக்குச் சரி. பின்பக்கத்துப் போல்ட் ஒன்று கடைசி வரை நகரவில்லை, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிங்கை கிளாம்ப் போட்டு அமுக்கியபோது நாத்தனார் முதல்முறையாக வாயை மூடினாள். "இது தெறிச்சா ஆளைக் கொன்னுடும், தள்ளி நில்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கழற்றியதையெல்லாம் பழைய விரிப்பின் மேல் இடம் வலம் பிரித்துப் பரப்பினார்கள். அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள். எல்லாமே தேய்ந்திருந்தன. எல்லாமே கொஞ்சம்கொஞ்சம் தேய்ந்திருந்தன. இதனால்தான் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை.

"எது காரணம்னு ஒண்ணும் புரியலையே" என்றாள்.

"வயசானவங்க வார்டு மாதிரி இருக்கு. ஆளாளுக்கு ஒரு வலி. யாரைப் பிடிச்சுக் கேக்கறது?" என்றாள் நாத்தனார்.

வார்டு என்றதும்தான் அவளுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வலி இல்லையே என்று எந்த பிசியோவும் அனுப்பிவிட மாட்டாள். எழுந்து நிற்கச் சொல்லுவாள். பாரம் ஏறினால்தான் மூட்டு உண்மையைப் பேசும். இவ்வளவு நேரமும் அவள் படுத்திருக்கிற நோயாளிகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சக்கரத்தைக் காரின் உடம்போடு பிடித்துவைக்கும் இரும்புக் கைக்கு ஆர்ம் என்று பெயர். அது உடம்போடு சேரும் இடத்தில் ஒரு வளையத்துக்குள் ரப்பர் புஷ் இருக்கும். அவள் ஆர்மை மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுக்கி, புஷ் ஓட்டையில் கம்பியை நுழைத்து, முழு உடம்பையும் போட்டுச் சாய்ந்தாள். வலப்பக்கத்து ரப்பர் முனகியது, தாங்கியது. இடப்பக்கத்தில் அதையே செய்தபோது, முழுசாகத் தெரிந்த ரப்பர் வாயைப் பிளந்தது. உள்ளுக்குள் பாதி வட்டத்துக்குக் கிழிசல்.

"பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினாள். கத்தியது சந்தோஷத்திலா பயத்திலா என்று நமக்கும் தெரியாது. "இது கிழிஞ்சிருந்தா பிரேக் போட்டதும் சக்கரம் பின்னால போகும். வண்டி இழுக்கும். அவர் சொன்னதுதான் உண்மை!"

நாத்தனார் அவளை விலக்கிவிட்டு, டார்ச்சை வைத்துக் கிழிசலுக்குள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணி, கார் மோதினது இந்தப் பக்கம்தானே? மோதினதுலயே கிழிஞ்சிருக்கலாமே?"

அண்ணியின் முகம் தொங்கிப்போனது. நாத்தனார் விரல் நுனியால் காட்டினாள். "வெளி ஓரத்துல பாருங்க, வெளுத்துப்போய் மண்ணு ஏறியிருக்கு. அது பழைய கிழிசல். உள்ளே பாருங்க, கன்னங்கரேல்னு இருக்கு. அது புதுசு. மோதினப்போ கிழிஞ்சது."

"அப்போ வண்டி இழுத்துதா இல்லையா?"

"பாதி கிழிசல் இழுக்குமா? இழுக்கலாம். இழுக்காமலும் இருக்கலாம்."

இதற்கா இவ்வளவு பாடு! சாட்சி கூண்டேறி, ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டது. அவள் அந்த ரப்பரை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இதைக் கொண்டுபோய் அவனிடம் என்ன சொல்வது? நீங்கள் பாதி உண்மை சொன்னீர்கள் என்றா?

உட்கார்ந்தே இருந்தால் கார் எழுந்து நிற்காது. அடுத்தடுத்த விடுமுறைகளில் புதுப் புஷ்களை அழுத்திப் பொருத்தினார்கள், ஆர்ம்களை ஏற்றினார்கள், ஷாக்கும் ஸ்பிரிங்கும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. போல்ட்டுகளையெல்லாம் இப்போதைக்குக் கையிறுக்கமாக மட்டும் விட்டாள் நாத்தனார். கணவன் கடையிலிருந்து வந்து, ஷெட் வாசலை எட்டிப் பார்க்காமல், நேரே மாடிக்குப் போனான். தினமும் அப்படித்தான். கோபம் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள், சக்கரங்களை மாட்டி, தடித்த பலகைகளை அடுக்கி அவற்றின் மேல் காரை இறக்கினார்கள். கீழே ஒருத்தி படுத்து வேலை செய்ய இடம் இருந்தது. நாத்தனார் வண்டியோடு வந்த பழைய கையேட்டைப் புரட்டினாள்.

"இந்த போல்ட்டுகளை வண்டி தன் கால்ல நிக்கும்போதுதான் முடுக்கணுமாம். தொங்கும்போது முடுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரமே கிழிஞ்சிடும். டிரைவர் சீட்டுல ஆள் வேற உக்காரணும்னு போட்டிருக்கு."

"நீ உக்காரேன்."

"நான் அண்ணன்ல பாதி. யார் ஓட்டப்போறாங்களோ அவங்க வெயிட்டுல முடுக்கினாத்தான் சரி." சொல்லிவிட்டு நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "யார் ஓட்டப்போறாங்க, அண்ணி?"

அவள் கை கழுவாமலே மாடிக்குப் போனாள். அவன் சட்டைக் கையில் மாவு அப்பியிருக்க, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் கீழே வந்து வண்டியில உக்காருங்களேன். வெயிட்டு வேணும்."

"ஒரு சிமெண்ட் மூட்டையை வெச்சுக்கோயேன்."

"மூட்டை ஓட்டாதுங்க."

அவன் அவளுடைய கறுத்த கைகளைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்தான். அண்ணன் வருவதைப் பார்த்ததும் நாத்தனாருக்கு எங்கோ அவசரமாகப் போக வேண்டியிருந்தது. போனவள் திரும்பி வரவே இல்லை. அவன் கதவைத் திறந்து, குனிந்து, ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தான். கார் ஒரு விரலளவு தாழ்ந்தது. அவள் போல்ட்டை அளவாக முடுக்குகிற டார்க் ரெஞ்சோடு அடியில் புகுந்தாள். முதல் போல்ட் இறுகி டிக்கென்று சத்தம் கொடுத்தது.

முகம் தெரியாதது சௌகரியமாக இருந்தது. அவள் தரையில் படுத்தபடியே சொன்னாள். "ஒரு புஷ் கிழிஞ்சிருந்துதுங்க. பாதி பழைய கிழிசல். நீங்க சொன்ன மாதிரி வண்டி இழுத்திருக்கலாம்."

"இல்லை. நான்தான் தூங்கிட்டேன்" என்றான் அவன்.

"இழுத்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். கையில ஸ்டியரிங் தானா திரும்பின மாதிரிதான் இருந்துது. அப்புறம் நீ பாத்தேன்னு சொன்னே. தூங்கறவனுக்குத் தூங்கினது எப்படித் தெரியும்? பாத்தவங்களுக்குத்தானே தெரியும். ரெண்டு கண்ணும் மூடியிருந்துதுன்னு சொன்னியே." மேலே சீட் கிரீச்சிட்டது. "உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கேன். அப்புறம் எந்தத் தைரியத்துல வண்டியைத் தொடறது?"

அவள் கையில் ரெஞ்ச் அப்படியே நின்றது. அப்படியானால் அவனுக்குக் கோபமே இல்லை. தன் கையின் ஞாபகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளுடைய வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான், இத்தனை மாதமாக. அவளோ அவன் ஒதுங்கியதை வீம்பு என்று நினைத்து ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கண்ணும். அவள் அந்தப் படத்தை மறுபடி மனதில் கொண்டுவந்தாள். நேருக்கு நேரான முழு முகம், இரண்டு இமைகளும் மூடி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளுக்கு அவன் முகத்தில் ஒரு பக்கம்தானே தெரியும்? இரண்டு கண்ணையும் அப்படிப் பார்க்க, அவள் கார் மூக்கின் மேல் ஏறி அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்?

"நான் பாக்கலைங்க" என்றாள். "நானும் தூங்கிட்டேன். சத்தத்துலதான் முழிச்சேன். பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

அவள் கார் தாழ்ந்திருந்த அந்த ஒரு விரலளவைக் கவனித்துக்கொண்டு கிடந்தாள். அவன் இறங்கினால் கார் எழும்பிவிடும். கார் எழும்பவில்லை.

"அப்போ அன்னிக்கு என்ன ஆச்சுன்னு யாருக்குமே தெரியாதா?" என்றான் கடைசியில்.

"தெரியாது. உங்களை எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்தினது மட்டும்தான் தெரியும்."

அவன் மூக்கை உறிஞ்சினான். ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்திருப்பான் போலிருந்தது. முன்சக்கரங்கள் பலகையின் மேல் லேசாக அசைந்தன.

"இன்னும் எத்தனை போல்ட் இருக்கு?"

"நிறைய இருக்கு" என்றாள் அவள், கண்ணைத் துடைக்கப்போய்க் கிரீஸை அப்பிக்கொண்டு.

"நிதானமா முடுக்கு. நான் இறங்கலை."