பொத்தான் கடையின் நீளம்

நீலக் கோட்டுப் பொத்தான் ஒன்றை எடுத்து வரக் கடையின் பின்பக்கம் போன பொத்தான்காரர் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. வெளியே நின்று அளந்தால் அந்தக் கடையின் நீளம் அன்றைக்கும் இருபத்திரண்டு அடிதான். ஒரு பக்கம் மருந்துக் கடை, மறுபக்கம் ஜெராக்ஸ் கடை, பின்னால் அடுத்த தெருவின் சுவர். நீள்வதற்கு இடமே இல்லை.

நீண்டது உள்ளே. எல்லோரும் தைத்த உடுப்பையே வாங்கத் தொடங்கிய பிறகு, பொத்தானும் ஜிப்பும் நூலும் தேடி வருகிறவர்கள் குறைந்துபோய், பொத்தான்காரரும் அவர் மனைவியும் கல்லாவுக்கு இருபுறமும் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. மூடிவிடலாம் என்று அவர் சொல்வார், மூடிவிட்டு என்ன செய்வதாம் என்று அவள் கேட்பாள், அதற்கு மேல் பேச்சு நகராது. அவளுடைய தம்பி கைபேசிக் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுத்துக் கொடுப்பவன். தெருவில் அவனுக்கு டிரெண்டு என்று பெயர். அவன்தான் கடையின் பேரில் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, அக்கா நாலு துளைப் பொத்தானைத் தைப்பதைப் படம் பிடித்துப் போட்டான். முந்நூறு பேர் பார்த்தார்கள். மறுநாள் காலை கடையைப் பெருக்கும்போது துடைப்பத்தை வழக்கத்தைவிட நாலு வீச்சு கூடுதலாக வீச வேண்டியிருந்தது. அவள் டேப் வைத்து அளந்தாள். உள்ளே இருபத்தைந்து அடி இருந்தது. “சும்மா கிடைக்கிற இடத்தை வேணாம்னா சொல்லுவாங்க?” என்று சொல்லிவிட்டுப் பொத்தான்காரர் அங்கே ஜிப் பெட்டிகளை அடுக்கினார். பார்க்கிறவர்கள் கூடினால் கடை நீளும், குறைந்தால் சுருங்கும் என்பது இரண்டு வாரத்தில் மூவருக்கும் பிடிபட்டுவிட்டது.

அந்த மாதம் உலகமே ஒரே பாட்டுக்கு எதையாவது உயரத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அரிசியைக் கொட்டினார்கள், பந்துகளைக் கொட்டினார்கள். டிரெண்டு தன் மாமாவை ஏணியில் ஏற்றி ஒரு மூட்டைப் பொத்தானைக் கொட்டவைத்தான். பொறுக்கி முடிக்கவே அரை நாள் ஆனது. பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள், பொத்தான் வைத்த சட்டை போடுகிறவர்கள்தானா என்பதுகூட யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் ஒரு தையல்காரர் வந்து நீலக் கோட்டுப் பொத்தான் கேட்க, “இதோ வந்துட்டேன்” என்று உள்ளே போனார் பொத்தான்காரர். மதியம் அவள் கூப்பிட்டபோது பதில் வந்து சேரக் கால் மணி நேரம் பிடித்தது. சாயங்காலம் பதிலே வரவில்லை. கைபேசியில் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது.

தேடப் போன இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் அலமாரிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டது. சிலர் உள்ளே போய் வழி தவறி, மறுநாள் வந்தார்கள். ஒரு ஊக்கு வாங்கியவர் இல்லை.

மூன்றாம் நாள் தம்பி வந்தான்.

“அக்கா, மாமா காணாமப் போனதையே ஒரு வீடியோவா போட்டுடலாம். இப்பப் போட்டா ஒரு கோடி பேர் பாப்பாங்க.”

“பாத்தா?”

“கடை எங்கயோ போயிடும்க்கா!”

“அதான்டா பயமா இருக்கு.”

பொத்தான் கொட்டிய வீடியோவை அழித்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரே நொடியில் கடை மடங்கினால் நடுவில் நிற்கிற மனுஷன் என்ன ஆவார்? மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி மேசைமேல் விரித்து, எந்தக் கிழமை எதைப் போடுவது, யாருக்காகப் போடுவது என்று எழுதினாள். யாருக்காக என்ற கேள்வியை அந்தக் கடையில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. திங்கட்கிழமை, பள்ளிச் சட்டையில் அறுந்த பொத்தான். செவ்வாய், சிக்கிக்கொண்ட ஜிப்பைப் பென்சில் தேய்த்து நகர்த்துவது. புதன், எந்தத் துணிக்கு எந்த நூல். பாட்டும் கிடையாது, ஏணியும் கிடையாது. தம்பி தலையில் அடித்துக்கொண்டே படம் பிடித்தான்.

“இதை யாரு பாப்பாங்கக்கா?”

“பொத்தான் அறுந்தவங்க பாப்பாங்க.”

வேடிக்கைக் கூட்டம் சலித்துப்போய் ஆயிரம் ஆயிரமாகக் கழன்றது. தினமும் காலையில் அவள் உள்ளே பார்த்து “என்னங்க” என்று ஒரு குரல் கொடுப்பாள். எட்டாம் நாள் பதிலுக்கு ஒரு தும்மல் கேட்டது. அடுத்தடுத்து மூன்றாக வரும் அந்தத் தும்மல் இருபது வருடமாக அவளுக்கு எரிச்சலூட்டியது. அன்றைக்கு அதைக் கேட்டு அழுதாள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பொத்தான்காரர் தாடியோடு வந்து சேர்ந்தார். வழி தவறிய வேடிக்கைக்காரர்கள் விட்டுப்போன பிஸ்கட்டில் காலம் தள்ளியிருந்தார்.

“எந்தப் பெட்டின்னு எனக்குத் தெரியும். பெட்டிதான் தள்ளிப் போய்ட்டே இருந்துச்சு” என்றார்.

“முதல்ல உக்காருங்க” என்றாள் அவள். தையல்காரர் அதற்குள் கறுப்புப் பொத்தானே வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டிருந்தார்.

கழன்றவர்கள் போக நாலாயிரம் பேர் மிஞ்சினார்கள். பொத்தான் தேவைப்பட்டவர்கள் அவர்கள்தான். தையல்காரர்களும், பிள்ளை பெற்றவர்களும், விடுதிகளில் தனியாக இருப்பவர்களும் எழுதிக் கேட்க, வாரம் மூன்று முறை பார்சல் போயிற்று. கடையை மூடும் பேச்சு நின்றது. அடுத்த வருடங்களில், பள்ளி திறக்கும் மாதத்துக்கு என்னென்ன போடுவது என்பதை அவள் இரண்டு மாதம் முன்பே எழுதி வைத்தாள். அந்த மாதம் மட்டும் கடை கால் மைல் நீளும். அவர் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் உள்ளே போய் வருவார். புதிதாக ஒரு டிரெண்டு கிளம்பும்போதெல்லாம் தம்பி ஓடி வருவான். பத்தில் ஒன்றுக்குச் சரி என்பாள். மருந்துக் கடைக்காரர்கூட ஒருநாள் நாள்காட்டியோடு வந்து யோசனை கேட்டுப் போனார். வரி போட வந்த அலுவலர் வெளியே அளந்து இருபத்திரண்டு அடி என்று எழுதிக்கொண்டார். உள்ளே அளக்கும் வழக்கம் அவர்கள் அலுவலகத்தில் இல்லை.

மற்ற மாதங்களில் கடையை நூற்றுப்பத்து அடியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த நீளத்தில் அவள் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும், அவர் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்காது. இது போதும் என்று இருவருமே சொல்கிறார்கள்.